ஈயம் பூசினாற்போலவும்

மார்கழி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது சித்தியின் சுருதிப்பெட்டி ஊமையாகிவிட்டது. துருத்தி வைத்த பழைய பெட்டி இல்லை, உள்ளங்கையில் அடங்கும் மின்னணுப் பெட்டி. பதினொரு வருடமாக விடிகாலை நாலரைக்கு அந்த வீட்டில் முதலில் எழும் குரல் அதனுடையது. அதற்குப் பிறகுதான் சித்தி வாய் திறப்பார். யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. ஒரே அளவு முனை கொண்ட அடாப்டர்கள் நாலைந்து அலமாரியில் கிடந்தன. 5 வோல்ட் கேட்கும் பெட்டியில் 12 வோல்ட் அடாப்டரை யாரோ செருகிவிட்டார்கள்.

கடைத்தெருவில் பழுது பார்ப்பவர் மூடியைக் கழற்றினார், விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், திரும்ப மூடினார். "மிஷின் வெச்ச சாமான் சார். கை போகாது" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு இருபது மிக்ஸி, பத்து மின்விசிறி பார்க்கிற கைக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே? ஆனால் புதுப்பெட்டி என்றதும் சித்தி வேண்டாமென்றார். "அதோட குரல் எனக்குப் பழகிப்போச்சுப்பா. நீதான் வீட்டுல உக்காந்து ஈயம் வெச்சு ஒட்டிக்கிட்டே இருப்பியே, பாரேன்."

பார்த்தேன். மின்சாரம் உள்ளே வரும் இடத்தை ஒட்டி, மூன்று கால் கொண்ட ஒரு கறுப்புத் துணுக்கு. நீளம் 2.9 மில்லிமீட்டர், அகலம் 1.3. அடுத்தடுத்த இரண்டு கால்களின் மையங்களுக்கு இடையே 0.95 மில்லிமீட்டர். முதுகில் லென்ஸ் வைத்தால் மட்டுமே தெரியும் எழுத்து: 662கே. வருகிற மின்னழுத்தம் எதுவானாலும் 3.3 வோல்ட்டாகக் குறைத்து உள்ளே அனுப்பும் காவல்காரன் அது. அதனால் தாங்க முடிந்தது 6 வோல்ட் வரைதான். 12 வந்து மோதியதும் தான் செத்து, பின்னாலிருந்த மற்றவற்றைக் காப்பாற்றியிருந்தது. அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் போதும். ஒன்றே ஒன்று. அதற்கு என்ன வேண்டும் என்பதைத்தான் பல வருடமாக நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

'கை போகாது' என்ற சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. நான் பள்ளிக்கூடப் பையனாக டிரான்சிஸ்டர் ரேடியோ செய்த காலத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் கம்பிக்கால் உண்டு. போர்டில் ஓட்டை உண்டு. ஓட்டையில் காலை நுழைத்துப் பின்பக்கம் மடக்கிவிட்டால் பொருள் தானாக நிற்கும். ஒரு கையில் சால்டரிங் அயர்ன், மறு கையில் ஈயக்கம்பி. அந்த ஓட்டைதான் நமக்கு மூன்றாவது கையாக இருந்தது என்பது அது போன பிறகே புரிந்தது. கால்களை வெட்டி, ஓட்டையை மூடி, பொருளைப் போர்டின் மேற்பரப்பிலேயே படுக்க வைத்துப் பற்றவைக்கும் முறையை 1960களில் ஐபிஎம் நிறுவனம் வளர்த்தெடுத்தது. நிலவுக்கு ஆட்களை ஏற்றிச்சென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டுக்கு வழிகாட்டிய கணினியில் அந்த முறை இருந்தது. அங்கே ஒவ்வொரு கிராமும் கணக்கு. எண்பதுகளில் அது வீட்டுச் சாமான்களுக்குள் நுழைந்தது, பிறகு வெளியே போகவேயில்லை.

அளவுகளை நான்கு இலக்கத்தில் சொல்வார்கள். 0805, 0603, 0402 என்று. அங்குலத்தை நூறாகப் பிரித்த கணக்கு. 0603 என்றால் நீளம் 1.6 மில்லிமீட்டர், அகலம் 0.8. ஓர் எள்ளில் பாதி. 0402 கசகசா. அதற்குக் கீழேயும் இருக்கிறது, நான் அந்தப் பக்கம் போவதில்லை. இவை 8 மில்லிமீட்டர் அகலக் காகித நாடாவில், ஒவ்வொன்றும் தன் குழிக்குள் படுத்து, மேலே ஒரு மெல்லிய படலம் போர்த்தி வருகின்றன. ஒரு சுருளில் ஆயிரக்கணக்கில். தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் படலத்தை உரித்து, காற்றை உறிஞ்சும் மூக்கால் தூக்கி, ஈயப்பசை தடவிய போர்டில் வைக்கும். மணிக்குப் பல்லாயிரம் வைக்கும். பிறகு போர்டு நீண்ட அடுப்புக்குள் போய் மறுமுனையில் முடிந்த வேலையாக வெளியே வரும். இந்த ஏற்பாட்டில் மனித விரலுக்கு இடமே வைக்கவில்லை. என்னைப் போன்றவர்கள் சென்னை ரிச்சி தெருவில் நாடாவை அரையடி வெட்டி வாங்குகிறோம், வெள்ளைப் பீங்கான் சாசரில் ஒன்றைக் கொட்டுகிறோம், மூச்சு விடாமல் இருக்கிறோம். தும்மினால் போயிற்று.

ஆனாலும் கை போகும். எப்படிப் போகிறது என்பதைச் சொல்ல ஈயம் பூசுபவரிடமிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் தெருவுக்கு அவர் மாதம் ஒருமுறை வருவார். மண்ணில் சின்னக் குழி தோண்டி, தோல் துருத்தியின் மூக்கை அதில் புதைத்து, கரி போட்டு ஊதுவார். பித்தளை அண்டா சூடேறியதும் நவச்சாரத்தை ஒரு சிட்டிகை எறிவார். குப்பென்று வெள்ளைப் புகை. புகைக்குள்ளேயே வெள்ளீயக் குச்சியை ஒரு கோடு இழுப்பார், பழந்துணியால் ஒரே வீச்சில் துடைப்பார். கறுத்துக் கிடந்த அண்டாவின் வயிறு நிலவாகிவிடும். ஈயம்தான் மந்திரம் என்று அன்று நினைத்தேன். மந்திரம் நவச்சாரத்தில் இருந்தது. செம்பும் பித்தளையும் காற்றுப் பட்டாலே மேலே ஒரு தோல் போர்த்திக்கொள்ளும். சூட்டில் அந்தத் தோல் இன்னும் தடிக்கும். அதன் மேல் உருகிய ஈயத்தை விட்டால் தாமரை இலைத் தண்ணீர்தான். நவச்சாரம் அந்தத் தோலைத் தின்று, உலோகத்தை ஒரு கணம் அம்மணமாக நிறுத்துகிறது. அந்த ஒரு கணத்தில் ஈயம் பரவிவிட வேண்டும்.

போர்டு வேலையில் நவச்சாரத்தின் இடத்தில் இருப்பது பைன் மரத்துப் பிசின். ஃப்ளக்ஸ் என்கிறோம், பழைய மெக்கானிக்குகள் பேஸ்ட் என்பார்கள். பொற்கொல்லர் பட்டறையில் அதே வேலையை வெங்காரம் செய்கிறது. அங்கே இணைப்பு உலோகத்துக்குப் பற்றாசு என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த சொல். பசை காய்ந்து இரண்டு பொருளை ஒட்டும். பற்றாசு இறுகுவதற்கு முன்னால் இரண்டுக்குள்ளும் கொஞ்சம் இறங்குகிறது. வெள்ளீயம் செம்பைத் தொட்டதும் எல்லையில் இரண்டும் கலந்து, சில மைக்ரான் கனத்தில் புதிதாக ஒரு படலம் உண்டாகிறது. அது ஈயமும் இல்லை, செம்பும் இல்லை. அந்தப் படலம் உண்டானால்தான் பற்றியது என்று அர்த்தம். ரொம்ப நேரம் சூடு காட்டினால் அது தடித்து நொறுங்கும் தன்மை வந்துவிடும். 1988இல் வாங்கிய என் 25 வாட் அயர்னில் முனை, அதாவது பிட், வெறும் செம்பு. மாதக்கணக்கில் வேலை செய்தால் நுனியில் குழி விழும், அரம் எடுத்து ராவிச் சமன் செய்வேன். செம்பு தேய்கிறது என்று எண்ணியிருந்தேன். ஒவ்வொரு இணைப்பிலும் ஈயம் அதைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போதைய பிட்டுகளில் செம்புக்கு மேல் இரும்பு பூசி வருவது அதனால்தான்.

பற்றவைப்பது என்று விளக்குக்கும் சொல்கிறோம், உலோகத்துக்கும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே வினையைக் கொடுத்தவர்கள் பட்டறைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஓரிடத்தில் நாம் தொடங்கி வைக்கிறோம், அதற்கு மேல் அது தானாகப் போகிறது.

ஈயம் சீக்கிரம் உருகும் என்பது சமையலறைக்குப் புதிதில்லை. ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறவர்கள் சொம்பில் புளித்தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார்கள். வெறும் சொம்பை நெருப்பில் வைத்தால் கண்ணெதிரே குழைந்து உட்கார்ந்துவிடும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். கறுப்பு ஈயம் 327. ஆனால் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு கறுப்பீயமும் சேர்ந்தால், இரண்டையும் விடத் தாழ்ந்த 183இலேயே இளகிவிடும். அதுவும் இடையில் கூழாக நிற்காமல், திடமாக இருந்தது சட்டென்று நீராகிவிடும். ஆறும்போதும் அப்படியே சட்டென்று இறுகும். கையால் வேலை செய்கிறவனுக்கு இந்தச் சட்டென்று என்பது பெரிய வரம். கூழ் நிலையில் கை அசைந்தால் இணைப்பு உள்ளுக்குள் விண்டு போகும். 'டிரை சால்டர்' என்று கடைகளில் சொல்வது அதையும் சேர்த்துத்தான். அப்படிப்பட்ட ரேடியோ தட்டினால் பாடும், தட்டாவிட்டால் பாடாது.

சித்தியின் பெட்டிக்கு வருகிறேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வெள்ளெழுத்து வந்து ஏழெட்டு வருடமாகிறது. வெள்ளெழுத்து என்ற சொல்லைப் போல் அந்தக் குறையைத் துல்லியமாகச் சொன்ன சொல் வேறில்லை. கறுப்பாக அச்சடித்தது வெளிறித் தெரிகிறது. மேஜை விளிம்பில் வளையும் கழுத்துள்ள லென்ஸ் விளக்கு, சட்டைப்பையில் பத்து மடங்கு காட்டும் லூப். லென்ஸுக்கு அடியில் முதலில் கண்ணில் படுவது போர்டு அல்ல, நம் கைதான். எல்லார் கையும் நடுங்கும். நல்ல உடம்பிலேயே விநாடிக்கு 8 முதல் 12 தடவை ஒரு மெல்லிய அதிர்வு ஓடிக்கொண்டேயிருக்கிறது. காபி டம்ளரைப் பிடிக்கும்போது தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கினால் ட்வீசரின் நுனி புயலில் தென்னை மாதிரி ஆடும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஏதோ நோய் என்றே பயந்தேன். நடுக்கத்தை நிறுத்த முடியாது, அதற்கு ஓர் ஊன்றுகோல் கொடுக்கலாம். முழங்கை மேஜையில், மணிக்கட்டு மேஜையில், சுண்டுவிரல் போர்டின் ஓரத்தில். அசைய இரண்டு விரல் மட்டும் மிச்சம். தங்கவேலை செய்கிற ஆசாரி சாமணத்தைப் பிடிக்கிறபோது சுண்டுவிரலை எங்கே வைக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள், இதே இடம்தான்.

இறந்த துணுக்கை எடுப்பதில் ஒரு தவறு செய்தேன். மூன்று காலையும் ஒரே நேரத்தில் இளக வைத்தால்தான் அது எழும். இருபுறமும் ஈயத்தைத் தாராளமாகக் குவித்து, பிட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி வைத்தால் இரண்டு குவியலும் உருகி நிற்கும் ஒரு நொடியில் துணுக்கு வழுக்கி வரும். வந்தது. கூடவே பக்கத்திலிருந்த ஒரு 0603 கெபாசிட்டரும் பிட்டில் ஒட்டிக்கொண்டு வந்து, நான் பிட்டைத் துடைத்தபோது தரையில் எங்கோ விழுந்தது. ரெசிஸ்டராவது முதுகில் எண்ணைச் சுமந்திருக்கும். இந்தப் பீங்கான் கெபாசிட்டர்களில் ஒன்றும் எழுதியிருக்காது. எல்லாம் ஒரே மரப்பழுப்பு. பையிலிருந்து வெளியே வந்துவிட்டால் எது எதுவென்று அளவுகருவி சொன்னால்தான் உண்டு. இந்தக் காவல்காரனின் வாசலில் 1 மைக்ரோஃபாரட் நிற்க வேண்டும் என்பது அதன் தரவுத்தாளில் இருக்கிறது. அதனால் தப்பித்தேன். தவறுக்கு அவசரப்பட்டதுதான் காரணம். அன்றைக்கு அதோடு எழுந்துவிட்டேன்.

சென்னை போன நண்பர் காவல்காரன், கெபாசிட்டர் இரண்டையும் வாங்கி வந்தார். மறுநாள் காலை, காபிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

புதிதாகச் செய்ய வருகிறவர்கள் எல்லாரும் ஊசி போன்ற பிட்டைத் தேடுவார்கள். நானும் தேடினேன். பொருள் சின்னது, ஆகவே முனையும் சின்னதாக வேண்டும் என்று மனசு சொல்லும். ஊசிமுனையில் சூடு தங்காது. நுனி போர்டைத் தொட்டதும் ஆறிப்போகும். ஆறியதை ஈடுகட்ட அழுத்துவோம், நேரம் நீட்டுவோம், கடைசியில் செம்புத் தடமே போர்டிலிருந்து உரிந்து வரும். உளி போன்ற தட்டை முனை, இரண்டு மில்லிமீட்டர் அகலம், 330 டிகிரி: தொட்டதும் உருகும், இரண்டு நொடியில் வெளியே வந்துவிடலாம். நிறையச் சூடு, கொஞ்ச நேரம். இதைப் பழக எனக்கு வருடங்கள் ஆயின.

முதலில் கெபாசிட்டர். போர்டில் அதற்கு இரண்டு திட்டுகள். ஒரு திட்டில் மட்டும் ஒரு பொட்டு ஈயம் வைத்தேன். ஃப்ளக்ஸ் ஒரு துளி. வலது கையில் அயர்ன், இடது கையில் ட்வீசர். ட்வீசரில் காந்தம் ஏறியிருக்கக் கூடாது. இந்தத் துணுக்குகளின் முனையில் நிக்கல் உண்டு, காந்தம் இருந்தால் விட்டாலும் விடாது. பொட்டை இளக்கி, துணுக்கைப் பக்கவாட்டில் தள்ளி உள்ளே கொண்டுபோய், அயர்னை எடுத்து, ஈயம் இறுகியதும் ட்வீசரை எடுத்தேன். கொஞ்சம் கோணல். லென்ஸில் நல்ல கோணல். மறுமுனைக்கும் ஈயம் வைத்தேன். பிறகு இன்னும் ஒரு துளி ஃப்ளக்ஸ் விட்டு, பிட்டைத் துணுக்கின் பக்கவாட்டில் இரண்டு திட்டையும் தொடும்படி கிடத்தினேன்.

நான் எழுத உட்கார்ந்தது இந்த ஒரு நொடிக்காகத்தான். இரண்டு பக்கமும் ஈயம் உருகியதும் துணுக்கு மிதக்கிறது. மிதந்தபடி லேசாகத் திரும்பி, இரண்டு திட்டுக்கும் நேர் நடுவில் போய் உட்காருகிறது. யாரும் தொடவில்லை. என் விரலால் ஒருபோதும் வைக்க முடியாத நேர்க்கோட்டில் அது நிற்கிறது.

பரப்பு இழுவிசைதான். உருகிய ஈயம் தன் வெளிப்பரப்பை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கப் பார்க்கும். அதன் இழுப்பு தண்ணீரின் இழுப்பைப் போல் ஆறேழு மடங்கு. பொருள் சிறுக்கச் சிறுக்க எடை மும்மடிக் கணக்கில் குறைகிறது, இந்த இழுப்போ நீளத்தின் கணக்கில்தான் குறைகிறது. குளத்தின் மேல் நடக்கும் பூச்சிக்குத் தண்ணீர் தரையாக இருக்கிற அதே காரணம். அந்த உலகத்தில் புவியீர்ப்புக்குக் குரல் இல்லை. தொழிற்சாலை இயந்திரமும் இதை நம்பித்தான் இருக்கிறது. அது கொஞ்சம் தள்ளி வைத்தாலும் அடுப்புக்குள் ஈயம் இழுத்து நேராக்கிவிடும். 'மிஷின் வெச்சது' என்றார் பழுது பார்ப்பவர். மிஷின் வைத்ததும் கடைசி முடி அளவை வைக்கவில்லை, அதை வைத்தது ஈயம். மிஷினுக்குச் செய்வதை அது எனக்கும் செய்கிறது. என் கையின் நடுக்கம் அதன் இழுப்புக்குள் அடங்கும் அளவுக்குக் கிட்டே கொண்டுபோய்விட்டால் போதும். சுத்தமாக இருக்க வேண்டும், சூடு போதுமானதாக இருக்க வேண்டும், பிறகு கையை எடுக்கத் தெரிய வேண்டும். நான் செய்த தவறுகளில் பெரும்பாதி, எடுக்க வேண்டிய நேரத்தில் இன்னொரு தடவை தொட்டதால் வந்தவை.

அதே இழுப்பு ஆளைக் கவிழ்ப்பதும் உண்டு. ஒரு முனை முன்னதாக உருகி மறுமுனை உருகாமல் இருந்தால், உருகிய பக்கம் துணுக்கை இழுத்துச் செங்குத்தாக நிறுத்திவிடும். உலகமெங்கும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கல்லறைக் கல்லுக்கு ஒப்பிடுகிறார்கள். எனக்கு நடுகல் ஞாபகம் வரும். லென்ஸுக்கு அடியில், பச்சை நிலத்தில், ஒற்றைக் காலில் நிமிர்ந்து நிற்கும்.

காவல்காரனுக்கு மூன்று கால் என்பதால் வேலை இன்னும் எளிது. ஒரு காலைப் பிடித்துவைத்து, நேராக்கி, மற்ற இரண்டையும் தொட்டு விட்டேன். லூப்பை எடுத்துப் பார்த்தேன். ஈயம் காலின் நுனியிலிருந்து திட்டுக்கு ஒரு குழிந்த சரிவாக, சேலை மடிப்பு இறங்குவது போல் இறங்க வேண்டும். உருண்டையாக நின்றால் பற்றவில்லை என்று பொருள், வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. காலின் வடிவம் ஈயத்துக்கு அடியில் தெரிய வேண்டும். ஈயம் பூசினாற்போலவும் இருக்க வேண்டும், பூசாதது போலவும் இருக்க வேண்டும் என்று பூசி மெழுகுகிறவர்களைக் கிண்டல் செய்யச் சொல்வார்கள். இந்த மேஜையில் அது நேரான அர்த்தத்தில் அளவுகோல். நல்ல இணைப்புக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. கறுப்பீயம் விஷம். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுச் சாமான்களில் அதைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. இப்போது தொழிற்சாலைகள் வெள்ளீயத்தோடு கொஞ்சம் வெள்ளியும் செம்பும் கலந்ததைப் பயன்படுத்துகின்றன. அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். பழைய கலவையின் பளபளப்பும் அதற்குக் கிடையாது. நான் இன்னும் பழையதையே வைத்திருக்கிறேன், என் கைக்கு அதுதான் பழக்கம். அதற்கான விலையைக் கொடுக்கிறேன். அந்த மேஜையில் காபி டம்ளர் வராது, குழந்தைகள் வர மாட்டார்கள், எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தொடுவதில்லை. இந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகாது. அது விரல் வழியாக வாய்க்குப் போகிறது. மூக்கில் ஏறும் புகை பிசினுடையது. ஆனால் அதுவும் லேசான விஷயமில்லை, வருடக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு ஆஸ்துமா வந்திருக்கிறது. ஜன்னலோரம் ஒரு சின்ன விசிறி வைத்து வெளியே தள்ளுகிறேன். கண்டிப்பாக இதைச் செய்யுங்கள்.

சரியான அடாப்டரைச் சிவப்புச் சாயம் தடவி அடையாளம் வைத்து, பெட்டியோடு சித்தி வீட்டுக்குப் போனேன். செருகியதும் ஸ வந்தது. அவர் முகம் எப்படி மாறியது என்று எழுதப் போவதில்லை. முதலில் அவர் கேட்டது, "எங்கேப்பா இருந்தது கோளாறு?"

மூடியைத் திறந்து காட்டினேன். தெரியவில்லை. லூப்பைக் கண்ணருகே பிடித்துப் போர்டைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னேன். எழுபத்துநாலு வயது. கை ஆடியது, பார்வை ஓடி ஓடிப் போனது. சுண்டுவிரலை ஊன்றிக்கொள்ளுங்கள் என்றேன். ஊன்றினார்.

"மூணு காலு இருக்கே, இதா?"

"அதுதான் சித்தி."

"இத்தனூண்டா?" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். லூப்பைத் திருப்பித் தரும்போது, "இதுக்குக் கை ஆடாம இருக்கணுமே" என்றார். ஆடத்தான் ஆடுகிறது என்றேன்.

பிறகு பாய் போட்டு உட்கார்ந்தார். ஒரு காலத்தில் ஐந்தரைக் கட்டைக்குப் பாடியவர், இப்போது நாலரை. அதிலும் பெட்டி காட்டும் நாலரை அவருக்குச் சரிவராது, ஓர் இழை கீழே வேண்டும். பக்கத்திலிருக்கும் சின்னக் குமிழைக் கட்டைவிரலால் தொட்டார். திருப்பினாரா, தொட்டதோடு சரியா என்றுகூடத் தெரியவில்லை. ஸ கொடுத்துப் பார்த்தார். தலையாட்டி நிறுத்தினார். மறுபடி குமிழைத் தொட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.